மனவலி, மூளை ஸ்கேன், தற்கொலை எண்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தற்கொலை எண்ணத்தை மூளை ஸ்கேனில் கண்டுபிடித்தார்கள்" என்ற மாதிரித் தலைப்பு வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது கண்ணில் படும். உடனே மனச்சோர்வோடு இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படிக்கிற நேரத்தில் உங்களுக்கே சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், கட்டுரை அப்புறம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அதுவும் முடியாவிட்டால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மனவலி என்றால் என்ன? சோகத்துக்குத்தான் பெரிய பெயர் வைக்கிறார்களா?

இல்லை. சோகமாக இருப்பவர் அழுவார், பேசுவார், ஒரு நல்ல செய்தி வந்தால் கொஞ்சம் தேறுவார். ஆராய்ச்சியாளர்கள் மனவலி என்று சொல்வது அவமானம், குற்ற உணர்வு, தனிமை, தோல்வி, இனி ஒன்றுமே சரியாகாது என்ற நம்பிக்கையின்மை எல்லாம் சேர்ந்து, "இதை என்னால் தாங்க முடியவில்லை" என்ற இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும் வேதனையை. அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1993-இல் இதற்கென்றே தனியாக ஒரு சொல்லை உருவாக்கி, தற்கொலையின் மையத்தில் இருப்பது இந்த வலிதான் என்று வாதிட்டார். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர், பல பத்தாண்டுகள் இந்த மனிதர்களோடேயே இருந்து பார்த்தவர். அவர் பார்வையில், தற்கொலையைப் பற்றி நினைக்கும் பெரும்பாலானோருக்கு வேண்டியது சாவு இல்லை, வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாத் தற்கொலையையும் இந்த ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மனச்சோர்வு இருப்பவர்களிடம் பேசிப் பார்த்தவர்கள் யாரும் இதை லேசில் தள்ளிவிட மாட்டார்கள்.

மனச்சோர்வு எவ்வளவு கடுமை என்று பார்த்தாலே ஆபத்து தெரிந்துவிடாதா? வலியைத் தனியாக ஏன் அளக்கணும்?

தெரியாது, அதுதான் சிக்கலே. கடுமையான மனச்சோர்வில் படுக்கையை விட்டே எழாதவர்களில் பலருக்குத் தற்கொலை எண்ணமே வருவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கும் ஒருவருக்கு உள்ளே அது தினமும் வந்துபோகலாம். 2018-இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தவர்களிடம் மனவலி அதிகமாக இருந்தது. மனச்சோர்வின் அளவு இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பல ஆய்வுகளில் ஒரு கோடுதான். ஒரு முனையில் "வலியே இல்லை", மறுமுனையில் "இதைவிட மோசமாக இருக்கவே முடியாது". இந்த நிமிஷம் எவ்வளவு, கடந்த 15 நாளில் சராசரியாக எவ்வளவு, அந்த 15 நாளில் மிக மோசமாக இருந்தபோது எவ்வளவு என்று மூன்று முறை குறி போடச் சொல்வார்கள். இந்த மூன்றாவது கேள்வியை நான் முக்கியமாக நினைக்கிறேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிஷத்தில் வலி குறைவாக இருக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருந்தது என்பது கேட்டால்தானே தெரியும்.

ஸ்கேனுக்குள் என்னதான் நடக்கிறது?

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன். சாதாரண எம்ஆர்ஐ இயந்திரத்திலேயே எடுக்கப்படுவது. குழாய்க்குள் மல்லாந்து படுக்க வேண்டும், தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாதிரிக் கருவி, அதில் ஒரு சின்னக் கண்ணாடி, அதன் வழியாகத் திரை தெரியும், கையில் ஒரு பொத்தான். காதைப் பொத்திக்கொண்டாலும் தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கெட்டுப்போகலாம்.

இயந்திரம் எண்ணத்தைப் படிப்பதில்லை, நரம்புச் செல்களின் மின்சாரத்தையும் நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜனோடு கூடிய ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அந்த மாற்றத்தைத்தான் பிடிக்கிறது. அதுவும் உடனே இல்லை, 5, 6 விநாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மாற்றம் பெரும்பாலும் ஒரு சதவீத அளவில்தான். செய்தியில் வரும் அந்தச் சிவப்பு மஞ்சள் நிறங்கள் புள்ளியியல் கணக்கு முடிந்தபிறகு மேலே பூசப்பட்டவை. மூளைக்குள் எதுவும் பளிச்சென்று எரிவதில்லை.

சரி, குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு மனவலியை எப்படி வரவழைக்கிறார்கள்?

பிரபலமான வழி ஒரு பந்து விளையாட்டு, பெயர் சைபர்பால். திரையில் மூன்று பேர் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள், அதில் ஒருவர் நீங்கள். மற்ற இருவரும் நிஜ மனிதர்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கொஞ்ச நேரம் உங்களுக்கும் பந்து வரும். அப்புறம் அவர்கள் இருவரும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள், உங்கள் பக்கம் திரும்பவே மாட்டார்கள். எல்லாம் கணினி செய்கிற வேலை, ஆனால் மனசு நிஜமாகவே சுருங்கிப்போகும். நவோமி ஐசன்பெர்கரும் உடன் பணிபுரிந்தவர்களும் இதை 13 பேரிடம் செய்து 2003-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒதுக்கப்பட்டபோது, மூளையின் நடுவில் வளைந்து கிடக்கும் சிங்குலேட் என்ற பகுதியின் முன்புறத்தில் செயல்பாடு கூடியது, அதிகம் நொந்துபோனதாகச் சொன்னவர்களிடம் இன்னும் கூடுதலாக. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதி நன்றாக வேலை செய்தவர்கள் குறைவாக நொந்துபோயிருந்தார்கள்.

இன்னொரு வழி, சமீபத்தில் காதல் முறிந்தவர்களிடம் விட்டுப்போனவரின் போட்டோவைக் காட்டுவது. 2011-இல் 40 பேரிடம் இதைச் செய்தார்கள், கூடவே கையில் சூடு வைத்தும் ஒப்பிட்டார்கள். கேட்கவே கொடூரமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாரும் சம்மதித்துத்தான் வந்தார்கள், சூடும் தாங்கக்கூடிய அளவுதான். மூன்றாவது வழி, வாழ்க்கையின் மிக வேதனையான நேரத்தை நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்வது.

அப்படியானால் மனசு வலிப்பதும் கால் வலிப்பதும் மூளைக்கு ஒன்றுதானா?

2003, 2011 ஆய்வுகளுக்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். இரண்டு வலிக்கும் சிங்குலேட், மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் புதைந்திருக்கும் இன்சுலா ஆகிய பகுதிகள் செயல்படுகின்றன, அதனால் இரண்டும் ஒன்று என்று. அது அவசர முடிவு. இந்தப் பகுதிகள் பயம், ஆச்சரியம், கவனம், பசி என்று எத்தனையோ விஷயங்களுக்கு வேலை செய்பவை. 2014-இல் வேறு ஒரு குழு, ஒரே பகுதிக்குள் செயல்பாடு எந்த வடிவத்தில் பரவுகிறது என்று நுணுக்கமாகப் பார்த்தது. சூட்டு வலியின் வடிவம் வேறு, நிராகரிப்பின் வடிவம் வேறு என்று தெரிந்தது. இரண்டுக்கும் இடம் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

இதைப் படித்துவிட்டு "அப்போ மனவலி நிஜ வலி இல்லையா" என்று கேட்பவர்கள் உண்டு. நிஜம்தான். ஒருவர் வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அதற்கு உடல்வலியோடு ஒத்துப்போகும் படம் தேவையில்லை. ஸ்கேன் வந்துதான் மனவலிக்கு மரியாதை கிடைக்க வேண்டியிருந்தது என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமான விஷயம்.

தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் மூளையில் என்ன வேறுபாடு கண்டிருக்கிறார்கள்?

இருபது வருஷ ஆய்வுகளை, 131 கட்டுரைகளை, 12,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு 2020-இல் 'மாலிக்யூலர் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. அதிலிருந்து கிடைக்கும் படம் தோராயமாக இதுதான். முன்மூளையின் கீழ், நடுப் பகுதிகளும் அவற்றோடு இணைந்தவையும் வேதனையான உணர்வுகளைக் கிளப்புவதிலும் தணிப்பதிலும் பங்கெடுக்கின்றன. இங்கே சிக்கல் இருந்தால் எண்ணம் வரக்கூடும். முன்மூளையின் மேல்பகுதியும் கீழ்நெற்றி மடிப்பும் யோசித்து முடிவெடுப்பது, உந்துதலை அடக்குவது போன்ற வேலைகளுக்கு. இங்கேயும் சிக்கல் சேர்ந்தால் எண்ணம் முயற்சியாக மாறக்கூடும். இன்சுலாவும் சிங்குலேட்டின் மேல்பகுதியும் இந்த இரண்டுக்கும் நடுவே மாற்றிவிடும் இடமாக இருக்கலாம். இது கருதுகோள், நிரூபணம் இல்லை.

மனவலியைக் குறிவைத்தே செய்த ஆய்வுகள் இதில் குறைவு. 2010-இல் மட்டும் இரண்டு வந்தன. ஒன்றில், தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்த 8 பெண்கள் அந்த வேதனையை நினைவுகூர்ந்தபோது இடப்பக்க முன்மூளையில் செயல்பாடு குறைந்தது. மற்றதில், மனச்சோர்வுள்ள 39 பேரில் அதிக மனவலி உள்ளவர்களுக்கு வலப்பக்க முன்மூளையின் மேல்பகுதியில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருந்தது.

ஒன்றில் குறைந்தது, இன்னொன்றில் கூடியது. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஒன்றில் நினைவுகூரச் சொன்னார்கள், மற்றதில் சும்மா இருக்கும்போது அளந்தார்கள். இயந்திரமும் வேறு, ஆட்களும் வேறு. செயல்பாடு கூடினால் அது வலி கூடியதற்கான அடையாளமா, வலியை அடக்க மூளை படும் பாடா என்பதையும் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு மேல் எண்ணிக்கைப் பிரச்சினை. 8 பேர், 13 பேர், 39 பேர் என்று செய்தால் தற்செயலாக வருவதும் கண்டுபிடிப்பு மாதிரித் தெரியும். 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, சுமார் 50,000 பேரின் தரவுகளை வைத்து, மனித நடத்தையை மூளை ஸ்கேனோடு நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானவர்கள் தேவை என்று காட்டியது. செத்த மீன் கதையும் உண்டு: 2009-இல் ஒரு குழு செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் காட்டி, கணக்கைச் சரியாகத் திருத்தாமல் விட்டால் மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரியும் என்று காட்டியது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2012-இல் அதற்குக் கிடைத்தது.

91 சதவீதம் துல்லியமாகக் கண்டுபிடித்ததாகப் படித்தேனே?

படித்திருப்பீர்கள், 2017-இல் உலகம் முழுக்க ஓடிய செய்தி அது. தற்கொலை எண்ணம் உள்ள 17 இளைஞர்கள், இல்லாத 17 பேர். ஸ்கேனரில் படுக்கவைத்து "மரணம்", "கொடுமை", "பாராட்டு" மாதிரியான சொற்களைக் காட்டி, அவற்றை நினைக்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது யார் எந்தக் குழு என்று 91 சதவீதம் சரியாகப் பிரித்ததாகக் கட்டுரை சொன்னது. எந்தச் சொற்களை, எந்தப் பகுதிகளை வைத்தால் நன்றாகப் பிரிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய அதே ஆட்களின் தரவை வைத்தே பரீட்சையும் வைத்துவிட்டார்கள் என்று பிற்பாடு விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாள் தயாரித்த மாதிரி. 2023-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற செய்தி முதல் செய்தியில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூட ஓடியிருக்காது, அதனால் இன்றும் அந்த 91 பல இடங்களில் உலவிக்கொண்டிருக்கிறது.

எனக்கோ என் மகனுக்கோ ஸ்கேன் எடுத்தால் ஆபத்து இருக்கா இல்லையா என்று தெரியுமா?

தெரியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் இருந்தால் விலகிவிடுங்கள்.

டாக்டர் சில சமயம் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வது வேறு காரணத்துக்கு: கட்டி, பக்கவாதம், வலிப்பு மாதிரி ஏதாவது மனச்சோர்வு போலத் தோற்றம் காட்டுகிறதா என்று பார்க்க. அதில் "நார்மல்" என்று வந்தால் இந்தக் காரணங்கள் இல்லை என்று மட்டும்தான் பொருள். "ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் என்ன" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எதிர்காலத்தில் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் ஸ்கேன் வந்தால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மனச்சோர்வுள்ள 1,000 பேர், அவர்களில் அடுத்த ஒரு வருஷத்தில் 10 பேர் தற்கொலைக்கு முயல்வார்கள் என்று வையுங்கள். 90 சதவீத ஸ்கேன் அந்த 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும், நல்லது. மீதி 990 பேரில் 99 பேரையும் தவறாக "ஆபத்து" என்று சொல்லிவிடும். ஆக மணி அடித்தது 108 பேருக்கு, அதில் உண்மை 9. பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் தேறுகிறார். அந்த 99 பேரை என்ன செய்வது, வேலை கொடுப்பவரோ காப்பீட்டு நிறுவனமோ அந்த அறிக்கையைப் பார்த்தால் என்ன ஆகும், விட்டுப்போன அந்த ஒருவருக்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்ததற்கு யார் பொறுப்பு?

இந்தச் சிக்கல் ஸ்கேனுக்கு மட்டும் இல்லை. 50 வருஷத்தில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்த 2017-இன் ஒரு பகுப்பாய்வில், நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகள் எதுவும் தனியாக வைத்துப் பார்த்தால் குருட்டாம்போக்கை விடக் கொஞ்சம்தான் மேல் என்று வந்தது. தற்கொலையை முன்கூட்டியே கணிப்பது என்பதே அவ்வளவு கஷ்டம்.

மூளையில் வேறுபாடு என்றால் பிறவிக் கோளாறா? மாறவே மாறாதா?

மாறும். ஸ்கேனில் தெரிவது அந்த நேரத்து நிலை. சில சமயம் அந்த நாளின் நிலை என்றே சொல்லலாம், ஏனென்றால் ஒரே ஆளை மறுபடி ஸ்கேன் செய்தால் இந்த மாதிரிச் செயல்பாட்டு அளவுகள் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்று 2020-இல் ஒரு பகுப்பாய்வு காட்டியது. தூக்கம், மருந்து, பேச்சுச் சிகிச்சை, காலம் எல்லாமே மூளையை மாற்றுகின்றன. தற்கொலை எண்ணமும் அலை மாதிரி ஏறி இறங்குவதுதான், பலருக்கு அதன் உச்சம் சில மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை.

இவ்வளவு ஓட்டை இருந்தால் இந்த ஆராய்ச்சி எதற்கு?

மருந்து எங்கே வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. சாதாரண மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமின் சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தற்கொலை எண்ணத்தைத் தணிக்கிறது. 2015-இல் வந்த ஒரு சிறிய பெட் ஸ்கேன் (மூளை எங்கே எவ்வளவு குளுக்கோஸ் பயன்படுத்துகிறது என்று அளக்கும் ஸ்கேன்) ஆய்வில், கெட்டமினுக்குப் பிறகு எண்ணம் குறைந்தவர்களிடம் சிங்குலேட்டின் கீழ்ப்பகுதியை ஒட்டிய ஓர் இடத்தில் குளுக்கோஸ் பயன்பாடும் குறைந்திருந்தது. அதே வட்டாரத்தில்தான் ஹெலன் மேபெர்க் குழு 2005-இல், வேறு எந்தச் சிகிச்சைக்கும் அசையாத 6 பேருக்கு மின்முனை வைத்துத் தூண்டி, 4 பேருக்கு முன்னேற்றம் கண்டது. வெவ்வேறு வழியில் போனவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கெட்டமினின் உறவான எஸ்கெட்டமினை மூக்கில் அடிக்கும் மருந்தாக அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள். 2020-இல் தற்கொலை எண்ணத்தோடு கூடிய மனச்சோர்வுக்கும் அனுமதி வந்தது. ஆனால் அது தற்கொலையைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதன் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறது. மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ, கண்காணிப்பில் மட்டும்தான் தருவார்கள். வெளியே கிடைப்பதை வாங்கித் தானாக எடுத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

ஆய்வில் கலந்துகொள்ளக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போகலாம், சில கேள்விகள் கேட்டுவிட்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பாதியில் எழுந்து வர முடியுமா, வேதனையைக் கிளப்பிவிட்டு வீட்டுக்கு அனுப்பும் முன் யாராவது உட்கார்ந்து பேசுவார்களா, அன்று ராத்திரி மோசமானால் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் எண்ணும் பதிலாக வர வேண்டும். மழுப்பினால் வேண்டாம். உடலுக்குள் உலோகம் ஏதாவது இருந்தாலும், அடைத்த இடத்தில் பயம் வரும் என்றாலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, ஸ்கேன் வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு ஆபத்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டுத்தான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருந்திருக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "ரொம்ப வேதனையா இருக்கா? இந்த ரெண்டு வாரத்துல எப்போ ரொம்ப மோசமா இருந்துச்சு? அப்போ செத்துடலாம்னு தோணுச்சா?" பதில் "ஆமா" என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், "உனக்கு என்ன குறை" என்று ஆரம்பிக்காதீர்கள், "என்கிட்ட சொன்னது நல்லது, இன்னும் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். திட்டம், நேரம் என்று பேச்சு போனால் அவரைத் தனியாக விடக் கூடாது. அன்றே டாக்டர், இல்லை அவசரப் பிரிவு. ஆபத்தான பொருள் எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

அடுத்த முறை அலை ஏறும்போது என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது: எந்த அறிகுறி வந்தால் ஆரம்பம் என்று தெரியும், தனியாக என்ன செய்தால் கொஞ்சம் தணிகிறது, யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவமனை. அவசரப் பிரிவுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து இப்படி ஒரு திட்டம் எழுதி, வீட்டுக்குப் போனபின் போனில் விசாரித்தும் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2018-இல் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, அடுத்த 6 மாதத்தில் தற்கொலை நடத்தை அவர்களிடம் 45 சதவீதம் குறைவாக இருந்தது. எழுதிய தாளை அவர் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்காமல் போனில் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.